முன் அறையில் மாவு மூட்டைகள்

"பிடிங்க அண்ணி, பிடிங்க! நழுவுது!"

சைராகுல் முழங்காலை முட்டுக்கொடுத்தாள். ஐம்பது கிலோ மாவு மூட்டை லாரியின் பின்பலகையிலிருந்து வழுக்கி அவள் தோளில் வந்து சாய்ந்தது. நல்லவேளை, விழவில்லை. மலை முகட்டிலிருந்து சாம்பல் நிற மேகம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எந்த நிமிடமும் ஈரப்பனி கொட்டலாம். மாவு நனைந்துவிட்டால் அப்புறம் அது சுவர் பூசத்தான் உதவும்.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்றாள் மூச்சிரைக்க.

"நாலு மூட்டை. அப்புறம் சர்க்கரை. அப்புறம் எண்ணெய் கேன்."

லாரி மேல் நின்றவன் தாலாய். அவள் கணவன் எசெனின் தம்பி. ஊரிலிருந்து உருளைக்கிழங்கும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு நாரின் நகரத்துக்குப் போவான், திரும்பும்போது எது கிடைக்கிறதோ அதை ஏற்றி வருவான். இந்த மாதம் முழுக்க அவன் ஏற்றி வந்தது மாவு, மாவு, மாவு.

"முந்தாநாள்தானே ஒரு லோடு இறக்கினே? போன வாரம் ஒண்ணு. வீட்டுல இருக்கறது நானும் பள்ளிக்கூடம் போற என் பொண்ணும். ரொட்டி சுட்டுச் சுட்டே என் கை தேஞ்சு போயிடும் தாலாய்."

"விலை ஏறப் போகுது அண்ணி. எல்லைக்கு அந்தப் பக்கத்துல இருந்து மாவு அனுப்பறதை நிறுத்தப் போறாங்களாம். கணவாய் வேற பனியில மூடிடும். கிடைக்கறப்பவே வாங்கிப் போட்டுடணும்."

போன தடவையும் இதே வாக்கியங்களை இதே வரிசையில்தான் சொன்னான். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பையன் மாதிரி. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஊர்க் கடையில் மாவு தீர்ந்து போய் ஒரு வாரம் ஆகிறது. கடைக்காரி உப்பையும் தீப்பெட்டியையும் தேயிலையையும் மட்டும் அடுக்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். எல்லா வீட்டிலும் பதுக்கல் வேலை மும்முரம். அதில் சைராகுலை மிஞ்ச ஆளில்லை. குழியில் உருளைக்கிழங்கு, மணலில் புதைத்த கேரட், ஆட்டு இரைப்பைக்குள் அடைத்துத் தைத்த வெண்ணெய், ஜாடி ஜாடியாய்ப் புளித்த கோஸ் என்று அவளுடைய சாமான் அறை போருக்குத் தயாரான கோட்டை மாதிரி இருக்கும். மூட்டைகளைத் தரையில் வைக்க மாட்டாள். கீழே பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் அடுக்குவாள். இடையில் பூனை போய்வர வழி விடுவாள். அவளுக்குத் தெரியாமல் அந்த அறையில் ஒரு மணி அரிசி கூட இடம் மாறாது.

அந்தக் கோட்டையும் இப்போது நிரம்பி வழிந்தது.

"இதை எங்கேடா வைக்கறது?"

தாலாய் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டே சொன்னான்: "முன் அறையைக் காலி பண்ணிக் குடுங்க அண்ணி. அங்கதான் ஈரம் இல்லை."

சைராகுலின் கை அப்படியே நின்றது.

முன் அறை!

எங்கள் ஊரில் முன் அறையைக் காலி செய்கிற சந்தர்ப்பம் இரண்டே இரண்டு. புது மருமகளைத் திரைக்குப் பின்னால் உட்காரவைக்க. இல்லையென்றால் இறந்தவரைக் கிடத்த. சைராகுலின் வீட்டில் கல்யாண வயதில் மகன் இல்லை.

தாலாய் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படியேறி உள்ளே போய்விட்டான்.

எசென் ருஷ்யாவுக்குப் போய் மூன்றாவது வருஷம். கட்டட வேலை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது கூப்பிடுவான். கூப்பிட்டு ஒன்றும் பேச மாட்டான். "மாடு கன்னு போட்டுச்சா? கூரை ஒழுகுதா?" அவ்வளவுதான். அந்த இரண்டு கேள்வியும் கேட்டு இப்போது மூன்று வாரத்துக்கு மேலாகிறது. தாலாயிடம் கேட்டபோது, "அண்ணன் போன் தண்ணியில விழுந்துடுச்சாம். நல்லாத்தான் இருக்காரு. வேலை ஜாஸ்தி" என்றான். அப்போதும் அவன் லாரி டயரைப் பார்த்துத்தான் பேசினான்.

வாசல் நிலையின் இடது பக்கம் எசெனின் சவுக்கு தொங்கியது. மற்ற வீடுகளில் வலது பக்கம் தொங்கும். எசெனுக்கு எல்லாமே இடது கை. அவள் அந்தச் சவுக்கைத் தொட்டுவிட்டு, முன் அறையின் மெத்தைகளைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அடியே சைராகுல்! தனியாவா இழுக்கறே? என்னைக் கூப்பிட உனக்கு வாய் வலிக்குதா?"

பக்கத்து வீட்டு ரகிமா. வேலியைத் தாண்டி வந்திருந்தாள். வழக்கமாக அவள் வந்தால் வெறும் கிண்ணத்தோடு வருவாள், நிறைத்துக்கொண்டு போவாள். இன்று கையில் அவளுடைய சொந்த உருட்டுக்கட்டை. சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தாள். தலையில் கறுப்புத் துணி.

"என்ன ரகிமா, உருட்டுக்கட்டையோட வந்திருக்கே? உன் வீட்டுக்காரரை அடிச்சுட்டு நேரா இங்க வந்தியா?"

"அவரை அடிக்கறதுக்கு வாணலியே போதும்டி. இவ்வளவு சாமான் இறங்குதே, கொஞ்சம் போர்சோக் பொரிச்சு வெச்சா நல்லதுன்னு வந்தேன். மாவு நான் பிசையறேன். நீ உக்காரு. உக்காருடி கண்ணு."

ரகிமா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

இத்தனை வருஷத்தில் ரகிமா அவளைக் 'கண்ணு' என்று கூப்பிட்டதே இல்லை. அது போகட்டும். அந்தச் சிரிப்பு! உதட்டோடு நின்றுவிட்டது, கண்ணுக்கு ஏறவில்லை. அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அவளே அதை முகத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

தெருக்கோடிக்காரி ஜுமாகானின் மகன் ருஷ்யாவில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது, ஊர் முழுக்கத் தெரிந்த செய்தி ஜுமாகானுக்கு மட்டும் தெரியாது. எங்கள் வழக்கம் அப்படி. சாவுச் செய்தியைப் போனில் சொல்லக் கூடாது, ஒற்றை ஆளாய்ப் போயும் சொல்லக் கூடாது. துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக முதலில் வீட்டை நிரப்ப வேண்டும். மாவு, சர்க்கரை, தேயிலை, ஆடு. பெண்கள் போய் எதையாவது சாக்குச் சொல்லி போர்சோக் பொரிக்க வேண்டும். எல்லாம் தயாரான பிறகு பெரியவர்கள் சேர்ந்து வந்து உட்கார்ந்து, எல்லார் முன்னிலையிலும் சொல்வார்கள். அதுவரை சிரிக்க வேண்டும். சைராகுலும் ரகிமாவும் அன்று ஒரு பகல் முழுக்க ஜுமாகானின் அடுப்படியில் சிரித்தார்கள். "என் பையன் போனே பண்ணலையேடி" என்று அவள் கேட்டபோது, "நல்லாயிருப்பான், வேலையா இருப்பான்" என்று சொன்னவள் சைராகுல்தான்.

வேலையாக இருப்பான். போன் தண்ணீரில் விழுந்திருக்கும்.

அவள் ரகிமாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்ன பயன்? தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். அவளே சொல்லவில்லையே.

ஆனால் ஒரு தூண்டில் போட்டுப் பார்க்கலாம். தாலாய் அடுத்த மூட்டையோடு உள்ளே வந்தான்.

"தாலாய், உங்கண்ணனுக்குக் கம்பளி சாக்ஸ் பின்னி வெச்சிருக்கேன். நாலு ஜோடி. மாஸ்கோவுக்கு யாராவது போறாங்களான்னு விசாரிக்கறியா?"

மூட்டை அவன் முதுகிலிருந்து தொப்பென்று விழுந்தது. மாவுப் புகை எழும்பியது.

"இப்போ வேண்டாம் அண்ணி" என்றான். "இப்போ... அங்க அனுப்ப வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்! தேயிலை ஒரு பெட்டி வாங்க மறந்துட்டேன். போய் வாங்கிட்டு வந்துடறேன்."

ஓடியே போய்விட்டான். லாரி உறுமிக்கொண்டு தெருவில் திரும்பியது.

தேயிலையும் வரப்போகிறது. சைராகுல் முன் அறையின் நடுவே நின்றாள். ஒரு பக்கச் சுவர் முழுக்க மூட்டைகள். மறுபக்கம் காலி. ஓர் ஆள் நீளத்துக்குக் காலி.

விசித்திரமாக அவளுக்கு அழுகை வரவில்லை. பலகையை நேராக்கினாள். பூனைக்கு வழி விட்டாள். மூட்டைகள் சுவரை ஒட்டாமல் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தாள்.

அடுப்படியிலிருந்து ரகிமாவின் குரல் வந்தது.

"எந்தக் கிறுக்கன்டி இந்த மூட்டையைக் கட்டினான்? மில்லுல தைச்ச மூட்டையா இருந்தா நூலைப் பிடிச்சு இழுத்தா வந்துடும். இது ஒட்டுப் போட்ட சாக்கு, கயிறு வேற கட்டியிருக்கு. முடிச்சு எல்லாம் தலைகீழா இருக்கு!"

ரகிமா கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சைராகுல் குனிந்து, ஒரு முனையை உள்பக்கமாகத் தள்ளிச் சுண்டினாள். முடிச்சு பட்டென்று அவிழ்ந்தது.

"எப்படிடி?"

"என்னமோ. கை தானாப் போச்சு."

அவளுக்கு முடிச்சைப் பற்றி நினைக்க நேரமில்லை. எண்ணெய் காய்ந்துவிட்டது. ரகிமா சதுரம் சதுரமாக வெட்டிப் போட்ட மாவுத் துண்டுகள் உப்பி மேலே வந்தன. சைராகுல் கரண்டியால் திருப்பிப் போட்டாள். எப்போது வருவார்கள்? எத்தனை பேர் வருவார்கள்? அப்திஷ் கிழவர்தான் முன்னால் வருவார். எப்போதும் அவர்தான்.

வெளியே பனி விழத் தொடங்கியது.

"என் ஈரக்குலையே...! என் ஈரக்குலையே...!"

கரண்டி தரையில் விழுந்து உருண்டது.

கேட்டருகே அப்திஷ். வெள்ளைக் கம்பளித் தொப்பி, கைத்தடி. தடியில் சாய்ந்து, துக்க வீட்டுக்கு வருகிற ஆண்கள் கதறுகிற அதே பாணியில் கதறிக்கொண்டு வந்தார். பின்னால் இரண்டு கிழவர்கள். அவர்களுக்குப் பின்னால் கயிற்றில் கட்டிய ஓர் ஆடு, வர மாட்டேன் என்று கால்களை ஊன்றி இழுத்துக்கொண்டு.

சைராகுல் கையைத் துடைத்தாள். தலைத்துணியைச் சரி செய்தாள். கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

மூவரும் முன் அறையில் மூட்டைகளுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ரகிமா கறுப்புத் துணியின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மகளே" என்றார் அப்திஷ். "மனசைக் கல்லாக்கிக்கோ."

"ஆக்கிட்டேன். சொல்லுங்க. எப்படி? எங்க?"

அப்திஷ் தொண்டையைக் கனைத்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "நீ சொல்லு."

"நானா? நீங்கதானே மாமா கூப்பிட்டீங்க? உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"எனக்கு என்ன தெரியும்? சேதி இவன்கிட்டதானே..." அப்திஷ் மூன்றாமவரைக் காட்டினார். மூன்றாமவர் வாயில் ஏற்கெனவே ஒரு போர்சோக் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார், தனக்குத் தெரியாது என்று.

வெளியே ஆடு கத்தியது.

"ஒரு நிமிஷம்" என்றாள் சைராகுல். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "எசென் செத்துட்டாருன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

மூன்று கிழவர்களும் ஒரே சமயத்தில் ரகிமாவைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" ரகிமா சீறினாள். "எனக்கு யாரும் வந்து சொல்லணுமா? கண்ணு இல்லையா? லோடு லோடா மாவு இறங்குது. சர்க்கரை இறங்குது. தாலாய் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறான், பேசினா பதில் இல்லை. இன்னைக்கு முன் அறையும் காலி! நான் என்னன்னு நினைக்கறது? எசென் ஊஞ்சல் ஆடறான்னா?"

"வேற யாரும் சொல்லலை?"

"ஊரே சொல்லுது!"

"ஊருக்கு யாருடி சொன்னா?"

அப்திஷ் தொப்பியைக் கழற்றி, மண்டையைச் சொறிந்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

லாரி சத்தம். தாலாய் தேயிலைப் பெட்டியோடு உள்ளே வந்தவன், நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"வாடா" என்றார் அப்திஷ். "சவம் எப்ப வருது?"

"யார் சவம்?"

"உங்கண்ணன் சவம்டா!"

தேயிலைப் பெட்டி அவன் கையிலிருந்து நழுவியது. "ஐயையோ! அண்ணனுக்கு என்ன ஆச்சு? யாரு சொன்னா? காலைலதானே..."

சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

சைராகுல் எழுந்தாள். "காலைல என்ன?"

அவன் குனிந்து பெட்டியை எடுக்கப் போனான்.

"தாலாய். என் மூஞ்சியைப் பாரு. எசென் உயிரோட இருக்காரா?"

"இருக்காரு அண்ணி! சத்தியமா இருக்காரு! கல்லு மாதிரி இருக்காரு!"

சைராகுல் அருகிலிருந்த மூட்டை மேல் உட்கார்ந்தாள். ரகிமா ஓவென்று அழ ஆரம்பித்தாள். இதுவரை அடக்கி வைத்த அழுகை எல்லாம், அழ வேண்டிய காரணம் போன பிறகு வந்தது. "பாவி, பாவி, என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டியேடா" என்று தாலாயின் முதுகில் இரண்டு அடி போட்டாள்.

"வந்தது வந்தாச்சு" என்றார் அப்திஷ், சற்று யோசித்து. "போர்சோக்கும் சூடா இருக்கு. ஒரு கிண்ணம் டீ குடுத்தா குடிச்சுட்டுப் போறோம். ஆட்டை மட்டும் திரும்ப ஓட்டிட்டுப் போக முடியாது. துக்கத்துக்குன்னு கேட்டைத் தாண்டினது. இங்கேயே இருக்கட்டும்."

ஆனால் சைராகுல் தாலாயை விடவில்லை.

"உயிரோட இருக்காரு. சரி. அப்ப ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கறாரு? எங்க இருக்காரு?"

"அண்ணி, அதை மட்டும் கேக்காதீங்க."

"ஏன்?"

"ரொட்டி மேல கை வெச்சு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். சொல்ல மாட்டேன்னு."

கிழவர்கள் தலையசைத்தார்கள். ரொட்டி மேல் சத்தியம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ரகிமாகூட அழுகையை நிறுத்திவிட்டாள்.

சைராகுலின் கை, தான் உட்கார்ந்திருந்த மூட்டையின் வாயில் இருந்த கயிற்றை நெருடிக்கொண்டிருந்தது. விரல் தானாக ஒரு முனையைத் தேடிப்போய் உள்பக்கமாகத் தள்ளியது.

நின்றது.

குனிந்து பார்த்தாள். ஒட்டுப் போட்ட சாக்கு. குதிரையை முளையில் கட்டுகிற முடிச்சு. ஆனால் எல்லாரும் வலமாகச் சுற்றுகிற கயிறு இதில் இடமாகச் சுற்றியிருந்தது. பக்கத்து மூட்டையைப் பார்த்தாள். அதற்கடுத்ததை. எல்லா மூட்டையிலும் அதே முடிச்சு. மூன்று வருஷம் முன்புவரை, இருபது வருஷமாகக் காலையில் எழுந்து, இதே முடிச்சைத்தான் அவள் கொட்டிலில் அவிழ்த்திருக்கிறாள்.

மெல்ல நிமிர்ந்தாள்.

"சரி. எசெனைப் பத்தி நான் கேக்கலை. நீ சத்தியத்தைக் காப்பாத்திக்கோ. மூட்டையைப் பத்திக் கேக்கறேன். மூட்டையைப் பத்தி சத்தியம் எதுவும் பண்ணலையே?"

"மூட்டையைப் பத்தியா...? இல்லை."

"இதை யாரு கட்டினது?"

தாலாய் அப்திஷைப் பார்த்தான். அப்திஷ் டீயை ஊதிக்கொண்டே, "மூட்டையைப் பத்திப் பேசலாம். அதுல தப்பில்லை" என்றார்.

"நாரின்ல மாவுக் கிடங்குல மூட்டை தூக்கற ஆளு ஒருத்தர் கட்டினது அண்ணி. விலை ஏறப் போகுதுன்னு கிடங்குல ராப்பகலா லோடு ஏறுது. ஆள் பத்தலை. கிழிஞ்சு போன மூட்டையை ஒட்டுப் போட்டு, கூலிக்குப் பதிலா எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. மத்தவங்க எல்லாரும் பணமா வாங்கறாங்க. அந்த ஆளு மட்டும் மாவாவே வாங்கறாரு."

"இடது கைக்காரரா?"

தாலாய் தரையைப் பார்த்தான். "ஆமா."

"அந்த ஆளு எப்ப வேலைக்குச் சேர்ந்தாரு?"

"முதல் லோடு வந்துச்சே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"முன்னாடி எங்க வேலை பாத்தாராம்?"

தாலாய் கண்ணைத் துடைத்தான். அவள் முகத்தை நேராகப் பார்த்தான், இந்த மாதத்தில் முதல் முறையாக.

"ருஷ்யாவுல. காகிதம் சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க அண்ணி. இனிமே அந்த ஆளை எல்லைக்குள்ளேயே விட மாட்டாங்க. இந்தக் குளிருக்கு ஒரு காசு வராது. மூணு வருஷம் கழிச்சு வெறுங்கையோட எப்படி வீட்டுப் படி ஏறுவேன், முதல்ல முன் அறை வரைக்கும் மாவு நிரம்பட்டும், அப்புறம் வரேன்னாரு. காலைல லோடு ஏத்தறப்பகூட என்கிட்ட ரெண்டே கேள்விதான் கேட்டாரு. மாடு கன்னு போட்டுச்சா, கூரை ஒழுகுதான்னு."